பைக்கில் பெட்டி, பால் கேன், போன் மாட்ட பட்டறையில் பிராக்கெட் செய்யப் போறீங்களா? வெல்டிங் ராடைத் தொடும் முன் இதைப் படிங்க

"உங்க வண்டி மாடலுக்கு கேரியர் வரலீங்க." பைக் ஆக்சஸரீஸ் கடையில் இந்தப் பதிலைக் கேட்டவர்கள் சேலம், நாமக்கல் பக்கம் அடுத்து எங்கே போவார்கள்? நேராகப் பட்டறைக்குத்தான்.

நாமக்கல் லாரி பாடி கட்டுவதற்குப் பேர் போன ஊர். திருச்செங்கோடு போர்வெல் ரிக் லாரிகளுக்குப் பேர் போன ஊர். இந்தத் தொழில்களைச் சுற்றி லேத், வெல்டிங், பெயிண்டிங் பட்டறைகள் நிறைய வளர்ந்திருக்கின்றன. முழு லாரிக்கே பாடி கட்டும் கைகளுக்கு, பைக்கில் ஒரு பெட்டி மாட்ட பிராக்கெட் செய்வது பெரிய வேலையா என்று தோன்றும். பால் கேன் கொக்கி, முட்டை அட்டை வைக்கும் கேரியர், இளம்பிள்ளை சேலைக்கட்டு ஏற்றும் தட்டு எனப் பலதும் இப்படிப் பட்டறையில் சொல்லிச் செய்வதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. "நல்லா தடிமனா போட்டு, நாலு பக்கமும் வெல்டு அடிச்சிடுங்க" என்று நாம் சொல்வது பைக்குக்கு ஒத்து வராது. லாரியின் சேஸிஸ் வேறு, பைக்கின் ஃபிரேம் வேறு. பிராக்கெட் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும், எப்படிச் செய்தால் நிற்கும், சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிராக்கெட் ஏன் உடைகிறது?

பெரும்பாலானவர்கள் எடை தாங்காமல்தான் உடைகிறது என்று நினைக்கிறார்கள். பல நேரம் உண்மையான எதிரி அதிர்வு.

ஒரு கணக்குப் பாருங்க. எஞ்சின் 5,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு சுமார் 83 சுற்று. ஒரு மணி நேரத்தில் 3 லட்சம் சுற்று. ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுக்கல் உண்டு. அதாவது நாமக்கல்லில் கிளம்பி சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேலம் போய்ச் சேர்வதற்குள், உங்கள் பிராக்கெட் லட்சக்கணக்கான முறை மிக லேசாக வளைந்து நிமிர்ந்திருக்கும்.

ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் கடைசியில் பட்டென்று ஒடியுமே, அதே கதைதான். முதலில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் விழும். பெயிண்டுக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நாளாக ஆக நீளும். ஒரு நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மொத்தமாக விட்டுவிடும். இதைத்தான் எஞ்சினியரிங்கில் உலோகச் சோர்வு என்கிறார்கள்.

இந்த விரிசல் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் தொடங்கும்: துளையின் விளிம்பு, கூர்மையாக மடித்த உள்மூலை, வெல்டிங் முடியும் ஓரம். பிராக்கெட் செய்யும்போதும், பிறகு சோதிக்கும்போதும் இந்த மூன்று இடங்கள்தான் முக்கியம்.

உடைந்தால் பெட்டி மட்டும் போகாது. தொங்கும் பட்டை பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து.

எங்கே மாட்டுவது?

முதல் விதி: ஃபிரேமில் புதுசாகத் துளை போடாதீங்க, வெல்டு அடிக்காதீங்க. கம்பெனி ஏற்கெனவே போட்டிருக்கும் போல்ட் இடங்களைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பைக் ஃபிரேம் பெரும்பாலும் மெல்லிய இரும்புக் குழாய். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் உலோகத்தின் தன்மை மாறும், குழாய் லேசாகக் கோணலாகவும் வாய்ப்பு உண்டு. துளை போட்டால் அதே இடத்தில் விரிசல் தொடங்கும், உள்ளே தண்ணீர் போய்த் துருவும் பிடிக்கும். பிராக்கெட் உடைந்தால் வேறு செய்துகொள்ளலாம். ஃபிரேம் உடைந்தால் வண்டியே போச்சு.

இது பட்டறைக்காரர்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. லாரியில் கூட பாடியை சேஸிஸோடு சேர்த்து வெல்டு அடித்துவிடுவதில்லை. யூ-போல்ட் போட்டு இறுக்கித்தான் உட்கார வைப்பார்கள். அதே பழக்கத்தைப் பைக்குக்கும் கொண்டுவந்தால் போதும்.

பயன்படுத்தக்கூடிய இடங்கள்:

• பின்சீட் கைப்பிடியின் போல்ட்கள்
• சேலை கார்டு போல்ட்கள்
• பின் ஃபுட்ரெஸ்ட் பிடிக்கும் போல்ட்கள்
• லெக் கார்டு குழாய் (விளக்கு போன்ற சின்னச் சாமான்களுக்கு, ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு)
• கண்ணாடி மாட்டும் மரை (போன் ஹோல்டர் அளவுக்கு மட்டும்)

கண்ணாடி மரையில் ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் வலது பக்கம் எதிர்மரை இருக்கும். தெரியாமல் முறுக்கினால் மரை போய்விடும்.

தொடவே கூடாத இடங்கள்: சக்கர ஆக்சில் நட்டு, பிரேக் போல்ட்கள், ஸ்விங் ஆர்ம். பிளாஸ்டிக் பேனலிலோ மட்கார்டிலோ எடையைத் தொங்க விடுவதும் கூடாது.

எந்த உலோகம், எவ்வளவு தடிமன்?

சாதா இரும்பு (எம்.எஸ்.): முதல் முறை செய்பவர்களுக்கு இதுதான் நல்லது. வளைக்கலாம், சுலபமாக வெல்டு அடிக்கலாம், எந்த ஊரிலும் கிடைக்கும். பெயிண்ட் இல்லாவிட்டால் துருப்பிடிக்கும் என்பதுதான் குறை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: இரும்பாலை இருக்கும் சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எல்லா எஸ்.எஸ்.ஸும் ஒன்றல்ல. 304 தரம் துருவை நன்றாகத் தாங்கும். 202 விலை குறைவு, மழையிலும் உப்பிலும் சீக்கிரம் கறை பிடிக்கும். வெல்டிங்குக்கு எஸ்.எஸ்.ஸுக்கான ராடு அல்லது டிக் வெல்டிங் வேண்டும்.

அலுமினியம்: அதே அளவில் இரும்பின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதிர்வுச் சோர்வைத் தாங்குவதில் இரும்புக்குக் கீழேதான். 5052 ரகம் மடிக்க வரும். 6061 டி6 போன்ற கடினமான ரகத்தைச் சின்ன வளைவில் மடித்தால் விரிசல் விடும். போன், கேமரா போன்ற லேசான சாமானுக்கு சரி. பால் கேனுக்கு வேண்டாம்.

அடுத்து தடிமன். ஒரு தகட்டின் விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 3 எம்எம் பட்டைக்குப் பதில் 5 எம்எம் போட்டால் எடை ஒன்றே முக்கால் மடங்குக்குள்தான் கூடும், விறைப்போ நாலரை மடங்குக்கு மேல் போய்விடும்.

"அப்போ இன்னும் தடிமனா 8 எம்எம் போட்டுடலாமே?" என்று கேட்கலாம். வேண்டாம். பிராக்கெட்டின் எடையும் வண்டிதான் சுமக்கணும். 25 எம்எம் அகலம், 5 எம்எம் தடிமன் உள்ள இரும்புப் பட்டை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. தடிமனைக் கூட்டுவதைவிட வடிவத்தை மாற்றுவது புத்திசாலித்தனம். தட்டையான பட்டையின் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் மடித்தாலோ, மூலையில் ஒரு முக்கோணத் தகடு வைத்தாலோ 3 எம்எம்மே நன்றாக விறைத்து நிற்கும்.

செய்முறை: படிப்படியாக

பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி மாட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

1. அட்டையில் வெட்டிப் பாருங்க. தடிமனான கார்ட்போர்டு அட்டையை வண்டியில் வைத்து, போல்ட் இடங்களைக் குறித்து, அதே வடிவத்தில் வெட்டி மடித்துப் பாருங்க. இரும்பில் செய்யும் தப்பு காசு. அட்டையில் செய்யும் தப்புக்குச் செலவில்லை.

2. நகரும் பாகங்களைச் சோதியுங்க. அட்டை மாட்டியிருக்கும்போதே இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்கிப் பார்க்கணும். ஷாக் அப்சார்பர் முழுசாக இறங்கும்போது டயருக்கும் பிராக்கெட்டுக்கும் இடைவெளி இருக்கிறதா? முன்பக்கம் மாட்டுவதாக இருந்தால் ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, கேபிள் இழுபடுகிறதா என்று பார்க்கணும். கிக்கர், சைடு ஸ்டாண்டு, சைலன்ஸர் சூடு ஆகியவற்றையும் மறக்காதீங்க.

3. வெட்டுங்க. கையால் வெட்டினாலும், லேசர் கட்டிங் கடையில் கொடுத்து வெட்டினாலும், உள்மூலைகள் வளைவாக இருக்கணும். கூர்மையான உள்மூலை விரிசலுக்கு வாசல்.

4. துளை போடுங்க. சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டி, முதலில் 3 அல்லது 4 எம்எம் பிட், பிறகு சரியான பிட். 6 எம்எம் போல்ட்டுக்கு 6.5 எம்எம் துளை, 8 எம்எம் போல்ட்டுக்கு 8.5 அல்லது 9 எம்எம் துளை. துளையின் மையத்திலிருந்து பட்டையின் ஓரம் வரை, போல்ட் அளவைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால் நல்லது. கேஸ் வெல்டிங்கில் எரித்துத் துளை போடக் கூடாது. விளிம்பு கரடுமுரடாகி அங்கேயே விரிசல் விழும்.

5. மடியுங்க. மடிப்பின் உள்வளைவு குறைந்தது தகட்டின் தடிமன் அளவுக்காவது இருக்கணும். வைஸில் பிடித்துச் சுத்தியால் ஒரே அடியாக 90 டிகிரிக்கு மடிப்பதைவிட, ஒரு சின்ன உருளை வைத்து மடித்தால் வளைவு கிடைக்கும். மடித்ததைத் திரும்ப நிமிர்த்தி மறுபடி மடிக்காதீங்க. அளவு தப்பினால் வேறு பட்டை எடுத்துக்கோங்க.

6. பெயிண்டுக்கு முன் மாட்டிப் பாருங்க. போல்ட் எல்லாம் கையாலேயே தடையில்லாமல் உள்ளே போகணும். இழுத்துப் பிடித்து, நெம்பி மாட்டினால் பிராக்கெட் எந்நேரமும் முறுக்கத்திலேயே இருக்கும். துளையை நீள்வடிவமாக்கினால் இந்தப் பிரச்சினை தீரும்.

7. துரு நீக்கி, பிரைமர், பெயிண்ட். பவுடர் கோட்டிங் கொடுத்தால் இன்னும் நாள் வரும்.

வெல்டிங் அடிக்கணும்னா?

பிராக்கெட்டின் பாகங்களை ஒன்றோடு ஒன்று வெல்டு அடிப்பதில் தப்பில்லை. ஆனால் வண்டியிலிருந்து கழற்றி, கீழே வைத்து அடிக்கணும். அளவுக்காக வண்டியிலேயே வைத்து "சும்மா ஒரு டேக்" அடிக்கும் பழக்கம்தான் ஆபத்து.

காரணம் இரண்டு. ஒன்று, பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே தீப்பொறி. இரண்டு, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, புதிய பைக்குகள் பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஃபியூல் இன்ஜெக்ஷனில்தான் ஓடுகின்றன. பழைய கார்புரேட்டர் வண்டி போல நினைத்து ஆர்க் வெல்டிங் வைத்தால், அந்தக் கரண்ட் ஒயரிங் வழியாகப் போய் இசியூவைக் கெடுத்துவிடலாம். பிராக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அதில் போய்விடும்.

போல்ட்டும் நட்டும்தான் பாதி வேலை

பிராக்கெட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, டப்பாவில் கிடந்த பழைய போல்ட்டைப் போடுவது வழக்கமாக நடக்கிற தப்பு.

• போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்க. அதுதான் வலுவான ரகம். பளபளக்கும் சாதாரண எஸ்.எஸ். போல்ட் அதைவிட வலு குறைவு.
• கம்பெனி போல்ட் இருந்த இடத்தில் 5 எம்எம் பட்டை சேர்த்தால், போல்ட்டும் 5 எம்எம் நீளம் கூடணும். இல்லாவிட்டால் இரண்டு மூன்று மரையில்தான் எல்லாம் தொங்கும். நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும்.
• நட்டு பின்னால் வரும் இடத்தில் நைலாக் நட்டு போடுங்க. நேராக ஃபிரேம் மரையில் போகும் போல்ட்டுக்கு நீல நிற மரைப் பசை நல்லது.
• 6 எம்எம் போல்ட்டை 10ஆம் நம்பர் ஸ்பானரில் முழு பலத்தோடு முறுக்கினால் மரை போய்விடும். 8.8 ரகத்துக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 8 எம்எம் போல்ட்டுக்கு சுமார் 25. கம்பெனி மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்க.
• இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பட்டை வரை மார்க்கரில் ஒரு கோடு போட்டு வைங்க. கோடு விலகினால் போல்ட் கழலுகிறது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு எடை ஏற்றலாம்?

வண்டியின் மேனுவலில் மொத்தச் சுமை வரம்பு இருக்கும். உதாரணமாக அது 130 கிலோ என்றால், ஓட்டுபவர் 70 கிலோ, பிராக்கெட்டும் காலிப் பெட்டியும் 8 கிலோ போக, சரக்குக்கு மிச்சம் 52 கிலோதான். மனைவியோ பிள்ளையோ பின்னால் உட்கார்ந்தால் அதுவும் போச்சு.

நிற்கும்போது 15 கிலோ இருக்கும் பெட்டி, குழியில் விழுந்து எழும்போது பிராக்கெட்டுக்கு அதைப்போலப் பல மடங்காகத் தெரியும். மூன்று மடங்கு என்று வைத்தாலே 45 கிலோ. அதனால் நிற்கும் எடைக்குக் கணக்குப் போட்டு பிராக்கெட் செய்யக் கூடாது.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பிடிமானத்திலிருந்து 15 சென்டிமீட்டரில் இருக்கும் பெட்டியை 30 சென்டிமீட்டருக்குத் தள்ளினால், அதே எடை இரண்டு மடங்கு வளைக்கும். பின்சக்கர ஆக்சிலுக்கு அப்பால் எடை போகப் போக முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் மிதப்பது போல இருக்கும்.

பால் கேன்காரர்களுக்கு ஒரு விஷயம். 40 லிட்டர் பால் மட்டுமே 41 கிலோ வரும். இரண்டு பக்கமும் கேன் தொங்கும்போது ஒரு கேனை முழுசாகக் காலி செய்துவிட்டு அடுத்ததைத் தொட்டால், அவ்வளவு எடையும் ஒரே பக்கம் இழுக்கும். இரண்டிலிருந்தும் மாறி மாறி ஊற்றுவது வண்டிக்கும் நல்லது, கொக்கிக்கும் நல்லது.

முட்டை கொண்டு போகிறவர்களுக்கு, 30 முட்டை அட்டை ஒன்று ஒன்றரை கிலோவைத் தாண்டும். பத்து அட்டை அடுக்கினாலே 15 கிலோவுக்கு மேல். தட்டுக்கும் அட்டைக்கும் நடுவில் ரப்பர் ஷீட் போட்டால் முட்டையும் தப்பும், பிராக்கெட்டுக்கு அதிர்ச்சியும் குறையும்.

போன் ஹோல்டருக்கு இதெல்லாம் தேவையா?

எடை குறைவுதான், ஆனால் இங்கே கெடுவது பிராக்கெட் இல்லை, போன். பைக் எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைப் பாதிக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதே மாதிரி அமைப்பு மற்ற பல போன்களிலும் இருக்கிறது. அதனால் ஹேண்டில் பாரோடு இரும்பு பிராக்கெட்டை விறைப்பாகப் பிணைக்காமல், நடுவில் ரப்பர் புஷ் வைத்த ஹோல்டராகச் செய்துகொள்ளுங்க.

வண்டி ஓட்டும்போது வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதி அனுமதிக்கிறது. கையில் பிடித்துப் பேசிக்கொண்டே போனால் அபராதம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. மாற்றம் என்றால் என்ன என்பதையும் சட்டமே விளக்குகிறது: வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் அளவுக்கு அதன் அமைப்பில் செய்யும் மாற்றம். இந்தப் பிரிவைத்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உறுதி செய்தது.

அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

போல்ட் போட்டு மாட்டி, வேண்டாதபோது கழற்றிவிடும் பிராக்கெட் வேறு. ஃபிரேமை வெட்டி, நீட்டி, வெல்டு அடிப்பது வேறு. ஃபிரேமைத் தொடாதீங்க என்று மேலே சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

பெட்டிக்குத் தனி அளவே இருக்கிறது. 2020இல் வந்த திருத்தப்படி, பைக்கில் மாட்டும் லேசான பெட்டி 550 எம்எம் நீளம், 510 எம்எம் அகலம், 500 எம்எம் உயரத்தைத் தாண்டக் கூடாது. பின்சீட் இடத்திலேயே பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம். பின்சீட்டுக்குப் பின்னால் வைத்தால் இன்னொருவர் உட்காரலாம்.

இன்னும் மூன்று கவனிக்க வேண்டியவை:

• நம்பர் பிளேட், பின் விளக்கு, இண்டிகேட்டர் மறையக் கூடாது.
• பின்சீட் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சேலை கார்டு ஆகியவை விதிப்படி கட்டாயம். பிராக்கெட்டுக்காக அவற்றைக் கழற்றி எறியாதீங்க.
• முன்பக்கம் ஸ்பாட் லைட் மாட்ட ஆர்டிஓவின் முன் அனுமதி வேண்டும். பட்டறையில் மாட்டிவிட்டாலும் சாலையில் பிடித்தால் பொறுப்பு உங்களுக்குத்தான்.

இன்சூரன்ஸில், கம்பெனி கொடுக்காத சாமான்களை முன்கூட்டியே சொல்லி, தனியாகப் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். விலை கூடிய பெட்டி, விளக்கு என்றால் புதுப்பிக்கும்போதே கேட்டுவிடுங்க.

மாட்டியாச்சு. இனி என்ன?

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை எல்லா போல்ட்டையும் பாருங்க. பிறகு மாதம் ஒரு முறை போதும். வண்டி கழுவும் நாளில் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்க:

• மார்க்கர் கோடு நேராக இருக்கிறதா?
• துளை, மடிப்பு, வெல்டிங் ஓரங்களில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா?
• அந்த இடங்களில் மெல்லிய பழுப்புத் துருக்கோடு தெரிகிறதா?
• பெட்டியைப் பிடித்து ஆட்டினால் வண்டியோடு சேர்ந்து ஆடுகிறதா, தனியாக ஆடுகிறதா?

விரிசல் தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வெல்டு அடித்து ஒப்பேற்ற வேண்டாம். ஏன் அங்கே விழுந்தது என்று பார்த்து, வடிவத்தை மாற்றிப் புதுசாகச் செய்யுங்க. இல்லாவிட்டால் அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி விழும்.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது "நல்லா தடிமனா போட்டு வெல்டு அடிச்சிடுங்கண்ணே" என்று சொல்லாதீங்க. "வண்டியில இருக்கிற போல்ட்லயே நிக்கிற மாதிரி, கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சு கொடுங்கண்ணே" என்று கேளுங்க. லாரி பாடியை யூ-போல்ட்டில் உட்கார வைக்கத் தெரிந்தவருக்கு நீங்கள் சொல்வது உடனே புரியும்.